லைப்ரரி இசைக்கு லூப் போடுவதற்கு முன்: ஒரு முழுமையான வழிகாட்டி

விளம்பரம், சீரியல், ஆவணப்படம், கம்பெனி வீடியோ என்று யார் எப்போது கேட்டாலும் எடுத்துக் கொடுக்க, முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்கும் இசைக்கு ப்ரொடக்‌ஷன் மியூசிக் என்று பெயர். தொழிலில் ‘லைப்ரரி’ என்போம். அதில் ஒவ்வொரு துண்டும் ஒரு ‘க்யூ’. இதற்கு எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் பீட் போட்டுப் பழகியவர்கள். முன்பே பதிந்த ஒலிகளின் தொகுப்பான ஒரு பேக்கைத் திறந்து, திரும்பத் திரும்ப ஓடும் துண்டுகளான லூப்பில் நான்கை இழுத்துப் போட்டு, டீ ஆறுவதற்குள் ஒரு க்யூவை முடித்துவிடுவார்கள். கேட்கவும் நன்றாகவே இருக்கும். தலைவலி அன்றைக்கு வராது. ஆறு மாதம் கழித்து, அந்த க்யூ போட்ட விளம்பரத்துக்கு யூடியூபில் யாரோ உரிமை கோரும்போது வரும்.

லூப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை; நானும் போடுகிறேன். ‘ராயல்டி-ஃப்ரீ’, அதாவது ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டாம் என்று வாங்கிய லூப் உங்களுக்குத் தருவது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி. லைப்ரரி உங்களிடம் வாங்குவது ‘இது முழுக்க என் சொந்தம்’ என்ற கையெழுத்து. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில்தான் புதியவர்கள் விழுகிறார்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பலர் கடைசிப் படியில் மாட்டிக்கொண்ட பிறகுதான் முதல் படிக்கு வருகிறார்கள்.

தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

எழுதப்போகும் லைப்ரரியின் ஒப்பந்தம், வரைவாக இருந்தாலும் சரி. உங்களிடம் உள்ள ஒவ்வொரு பேக்கின் லைசன்ஸ் வாசகமும் வாங்கிய ரசீதும், பிடிஎஃப்பாக ஒரே ஃபோல்டரில். இணையப் பக்கத்துக்கு லிங்க் வைத்தால் போதாது, அந்தப் பக்கம் மாறும். நீங்கள் வாங்கிய அன்று என்ன எழுதியிருந்தது என்பதுதான் கணக்கு. ஒரு விரிதாள். உங்கள் பெயரில் ஒரு யூடியூப் சேனல், அதில் வீடியோ எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இவ்வளவுதான்.

1. முதலில் ஒப்பந்தம், பிறகுதான் பேக்

லைப்ரரி ஒப்பந்தங்களில் இரண்டு வகை உண்டு. நான்-எக்ஸ்க்ளூசிவ் என்றால் அதே க்யூவை வேறு இடத்திலும் கொடுக்கலாம். எக்ஸ்க்ளூசிவ் என்றால் அது அவர்களிடம் மட்டுமே இருக்கும். எக்ஸ்க்ளூசிவ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆயிரம் பேர் டவுன்லோட் செய்த ஒரு மெலடி லூப்பை அதற்குள் வைத்தால், உங்களிடம் இல்லாத ஒன்றை விற்றிருக்கிறீர்கள். பேக்கில் வரும் லூப்பின் லைசன்ஸ் ஏறக்குறைய எப்போதும் நான்-எக்ஸ்க்ளூசிவ்தான். உங்களுக்குக் கொடுத்ததையே அடுத்தவருக்கும் கொடுப்பார்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு பத்திகளைத் தேடிப் பிடியுங்கள். ஒன்று வாரண்டி: படைப்பு முழுக்க உங்களுடைய சொந்தக் கற்பனை, வேறு யாருடைய உரிமையும் அதில் கலக்கவில்லை என்று நீங்கள் உறுதி சொல்லும் இடம். இன்னொன்று இன்டெம்னிட்டி: அந்த உறுதி பொய்த்து வழக்கு வந்தால், லைப்ரரிக்கும் அவர்களுடைய வாடிக்கையாளருக்கும் ஆகும் செலவை நீங்கள் ஈடுகட்டுவதாகச் சொல்லும் இடம். அட்வான்ஸ் எவ்வளவு சிறியதோ அதைப் பற்றி இந்தப் பத்திக்குக் கவலை இல்லை. பொறுப்புக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

சாம்பிள் (வேறொருவர் பதிந்த ஒலியிலிருந்து எடுத்த துண்டு), லூப் பற்றி ஒப்பந்தம் வாயே திறக்கவில்லை என்றால் ‘போடலாம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மெயில் போடுங்கள்: “இந்த ஆல்பத்தில் ராயல்டி-ஃப்ரீ டிரம் லூப் போடலாமா? மெலடி லூப், குரல் சாம்பிள் போடலாமா? போட்டால் எந்த க்யூவில் எது என்று பட்டியல் வேண்டுமா?” இப்படிக் கேட்டால் கத்துக்குட்டி என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, இந்தக் கேள்வி கேட்கிறவருக்குத்தான் அடுத்த பிரீஃப் சீக்கிரம் வருகிறது. பதில் மெயிலையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

2. ஒவ்வொரு ஒலியும் எங்கிருந்து வந்தது என்று பிரியுங்கள்

இசை செய்யும் சாஃப்ட்வேரோடு வந்தவை ஒரு கூட்டம்: லாஜிக், கராஜ்பேண்டில் உள்ள ஆப்பிள் லூப்ஸ் போல. காசு கொடுத்தோ சந்தா கட்டியோ எடுத்தவை இன்னொரு கூட்டம்: ஸ்பிளைஸ், லூப்கிளவுட் போன்றவை. இந்த இரண்டுக்கும் எழுத்தில் லைசன்ஸ் இருக்கிறது, படித்தால் போதும்.

மூன்றாவது கூட்டத்தில்தான் கண்ணி வைத்திருக்கும். லூப்பர்மேன், ஃப்ரீசவுண்ட் போன்ற தளங்களில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். ஃப்ரீசவுண்டில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்: ஒன்று முழுவதும் இலவசம், இன்னொன்று பெயர் போட்டால்தான் இலவசம், மற்றொன்று வணிகத்துக்கே கூடாது. லைப்ரரி க்யூ வணிகம்தான். வணிகத்துக்குக் கூடாது என்ற மழைச் சத்தத்தை அதில் போட முடியாது. பெயர் போடச் சொல்வதும் நடைமுறையில் முடியாத காரியம். முப்பது நொடி சோப்பு விளம்பரத்தில் மழைச் சத்தம் பதிவு செய்தவர் பெயரை யார் போடுவார்கள்?

அதைவிடப் பெரிய ஆபத்து, ஏற்றியவருக்கே அது சொந்தமில்லாமல் இருப்பது. பழைய இசைத்தட்டிலிருந்து இரண்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) வெட்டி ‘விண்டேஜ் ஸ்ட்ரிங்ஸ் லூப்’ என்று பெயர் வைத்து ஏற்றியிருப்பார். அவர் கொடுத்த அனுமதிக்கு மதிப்பே இல்லை, அவரிடமே அது கிடையாதே. ஒலியில் இசைத்தட்டின் கரகரப்பு, பின்னால் தேய்ந்துபோன ஒரு குரல், இசை நடுவில் தொடங்கி நடுவில் அறுவது, இப்படி ஏதாவது கேட்டால் அதைத் தொடாதீர்கள்.

நான்காவது கூட்டம், நண்பர் கொடுத்த ஹார்ட் டிஸ்க். டெலிகிராமில் வந்த ஜிப் கோப்பும் இதே இனம்தான். இதைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. தனி டிஸ்க்கில் போட்டுப் பூட்டிவிடுங்கள், லைப்ரரி வேலை செய்யும் கணினியில் அது செருகியிருக்கவே வேண்டாம்.

3. லைசன்ஸில் எந்த வரியைத் தேடுவது

முழுவதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் நான்கு விஷயங்களுக்காக மட்டும் தேடுங்கள்.

முதலாவது, ‘தனியாக’ என்ற கருத்து. ஏறக்குறைய எல்லா பேக்கும் சொல்வது: எங்கள் ஒலியை மற்ற ஒலிகளோடு சேர்த்து ஒரு பாட்டாக்கினால் சரி, அதை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது. லைப்ரரிக்காரருக்கு இது எங்கே இடிக்கும் என்பதை ஒன்பதாம் படியில் சொல்கிறேன். பலர் கேள்வியே படாத இடம் அது.

இரண்டாவது, ‘மியூசிக் பெட்’. ஆப்பிளின் உரிமத்தில் இந்தச் சொல்லே வருகிறது. அவர்களுடைய லூப்களை வைத்துச் சொந்த இசையமைத்து ஒலிபரப்பலாம், விற்கலாம். ஆனால் லூப்களைத் தனித்தனியாக விநியோகிக்கவோ, மறுபடி பொட்டலம் கட்டி ஒலி நூலகமாக, எஃபெக்ட்டாக, மியூசிக் பெட்டாகக் கொடுக்கவோ கூடாது. பேச்சுக்குப் பின்னால் ஓடும் மெல்லிய இசைப் படுக்கைதான் பெட். லைப்ரரியில் பாதி வேலை அதுதான்! ஒரே ஒரு பேட் (நீண்டு நிற்கும் மெல்லிய ஒலி) லூப்பை இரண்டு நிமிடத்துக்கு இழுத்து, மேலே ஒரு மணியோசை வைத்து ‘அமைதியான பின்னணி’ என்று கொடுத்தால் அது உங்கள் இசையமைப்பா, அவர்கள் லூப்பை மறுபடி பொட்டலம் கட்டியதா என்ற கேள்வி வரும். பதில் உங்களுக்கு எதிராகத்தான் இருக்கும்.

மூன்றாவது, ‘லைப்ரரி மியூசிக்’, ‘ப்ரொடக்‌ஷன் மியூசிக்’ என்று பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்களா என்பது. சில பேக்குகள் பாட்டுக்கும் படத்துக்கும் சரி என்கும், லைப்ரரிக்குத் தனி அனுமதி கேட்கும்.

நான்காவது, சந்தா முடிந்த பிறகு என்ன ஆகும் என்பது. ஸ்பிளைஸில் கிரெடிட் கொடுத்து எடுத்த ஒலியைச் சந்தா நின்ற பிறகும் பயன்படுத்தலாம். எல்லா இடத்திலும் இப்படி இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

4. முதல் லூப்போடு முதல் வரி

இந்தப் படி எனக்கு அடிபட்டு வந்த படி. சில வருடங்களுக்கு முன் ஒரு லைப்ரரிக்குப் பதினொரு க்யூ கொண்ட டென்ஷன் ஆல்பம் ஒன்று கொடுத்திருந்தேன். அதில் ஒரு க்யூவில் நான்கு பார் டூடூக் (ஆர்மீனியக் குழல் வாத்தியம்) லூப். ஒரு இரவு மெயில் வந்தது: அந்த க்யூ போட்ட துணிக்கடை விளம்பரத்துக்கு யூடியூபில் கிளெய்ம், அதே லூப்பை வைத்துப் பாட்டு வெளியிட்ட யாரோ ஒருவர் பெயரில். லைப்ரரி கேட்டது நியாயமான ஒரு கேள்வி: “மற்ற பத்து க்யூவிலும் என்ன இருக்கிறது, நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.” ப்ராஜெக்டைத் திறந்தால் கோப்புகளின் பெயர் ‘ஆடியோ 27’, ‘ஆடியோ 31’. எல்லாவற்றையும் நானே பவுன்ஸ் செய்து, அதாவது புதிய ஒலிக்கோப்பாக எடுத்து, பெயரை மாற்றியிருந்தேன். இரண்டு க்யூவுக்குத்தான் கணக்குக் காட்ட முடிந்தது. ஆல்பமே திரும்பி வந்தது.

அதனால் இப்போது லூப்பை டைம்லைனில் வைக்கும் அதே நிமிடத்தில் விரிதாளில் ஒரு வரி எழுதிவிடுவேன். க்யூ பெயர், கோப்பின் மூலப் பெயர், பேக், எடுத்த தேதி, லைசன்ஸ் பிடிஎஃப் எங்கே, எந்த பாரிலிருந்து எந்த பார் வரை, என்ன மாற்றினேன். டிராக்குக்கு நிறம் கொடுக்கும் வசதி பெரும்பாலான சாஃப்ட்வேரில் உண்டு. வெளியிலிருந்து வந்த ஒலி எல்லாமே என்னிடம் சிவப்பு. க்யூ முடிந்த பிறகு மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் எழுதுவதே இல்லை. பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மூலப் பெயரை அழிக்காமல் அதற்கு முன்னால் சேருங்கள்.

5. எந்த லூப் எவ்வளவு ஆபத்து

எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. ஒன்-ஷாட், அதாவது ஒரே ஒரு கிக், ஒரே ஒரு ஸ்னேர், ஒரு தட்டு, இவை ஏறக்குறைய கவலை இல்லாதவை. தாளத்தை அடுக்கியவர் நீங்கள். டிரம் லூப் நடுத்தரம். ரிஹானாவின் 2007 ‘அம்ப்ரெல்லா’வின் டிரம்ஸுக்கு அடிப்படையே கராஜ்பேண்டில் இருந்த ‘விண்டேஜ் ஃபங்க் கிட் 03’ லூப்தான். அதே லூப் அன்றைக்கு கராஜ்பேண்ட் இருந்த மேக் கணினிகளில் எல்லாம் கிடந்தது, அதனால் அந்தப் பாட்டுக்கு ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

மெலடி லூப்பும் குரல் லூப்பும் வேறு சாதி. 2020-இல் ஜஸ்டின் பீபரின் ‘ரன்னிங் ஓவர்’ வந்தபோது, இது என் பாட்டின் மெட்டு என்று ஆஷர் மன்ரோ என்ற பாடகர் குற்றம் சாட்டினார். விசாரித்தால் இரண்டு பேருமே ஸ்பிளைஸில் கிடந்த ஒரே சாம்பிளை எடுத்திருக்கிறார்கள். அதைச் செய்தவரே வந்து விளக்கம் சொன்னார். யார் மீதும் தப்பில்லை, அனுமதியோடுதான் எடுத்திருந்தார்கள். பாப் பாட்டுக்கு அது இரண்டு நாள் செய்தி. எக்ஸ்க்ளூசிவ் லைப்ரரி க்யூவுக்கு இதே நடந்தால், ‘சொந்தக் கற்பனை’ என்ற உங்கள் கையெழுத்து அந்த இடத்திலேயே பொய்யாகிவிடும்.

கான்டாக்ட் என்று ஒரு சாஃப்ட்வேர், பதிவு செய்த ஒலிகளைக் கீபோர்டில் வாத்தியமாக வாசிக்கத் தரும். அதைப் பற்றிப் புதியவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி: “அண்ணா, கான்டாக்டில் வாசிப்பதும் சாம்பிள்தானே?” சாம்பிள்தான். ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீங்கள் அழுத்தி வாசித்தால் மெட்டு உங்களுடையது. ஒரு கீயை அழுத்தினால் நான்கு பார் கமகத்தோடு ஒரு ஆலாபனை தானாக ஓடுகிறதா? அது வாத்தியம் வேஷம் போட்ட லூப். ‘எத்னிக் இந்தியா’ என்று வரும் தொகுப்புகளில் இந்த வேஷக்காரர்கள் அதிகம், அதே ‘ஆ...’ என்ற பெண் குரலை எத்தனை யோகா வீடியோவில் கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏஐ செய்த லூப் என்றால் லைப்ரரியிடம் மறைக்காதீர்கள். மனிதர் படைத்த பகுதிக்குத்தான் பதிப்புரிமை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023-இலேயே சொல்லிவிட்டது. உரிமையே இல்லாத ஒன்றை எப்படி விற்பீர்கள்?

6. மியூட் சோதனை

க்யூ பாதி வந்ததும் சிவப்பு டிராக்குகளை எல்லாம் மியூட் செய்து முழுவதும் ஒருமுறை கேளுங்கள்.

ஒரு பையன் கொண்டுவந்த ப்ராஜெக்டில் இருபத்துமூன்று டிராக். மியூட் செய்ததும் மிஞ்சியது ஒரு பேஸ், ஒரு பேட், கடைசியில் ஒரு சிம்பல். கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப நான் என்னண்ணா பண்ணேன்?” என்றான். இந்தக் கேள்வியை லைப்ரரிக்காரர் கேட்பதற்கு முன் நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

என் அளவுகோல் இதுதான்: சிவப்பு இல்லாமல் கேட்டாலும் இது இன்ன க்யூ என்று அடையாளம் தெரிய வேண்டும். மெட்டு இருக்க வேண்டும், ஸ்வர நகர்வு இருக்க வேண்டும். லூப் போனால் ருசி குறையலாம், சாப்பாடே இல்லாமல் போகக் கூடாது.

7. மாற்றினால் போதுமா

“பிட்ச்சை இரண்டு ஸ்வரம் இறக்கினேன், ரிவர்ஸ் பண்ணினேன், வெட்டி ஒட்டினேன், இனி யாருக்கும் தெரியாது.” அடிக்கடி கேட்கும் வாதம். இதற்குள் இரண்டு தனிக் கேள்விகள் குழம்பிக் கிடக்கின்றன: உரிமை யாருடையது, இயந்திரம் பிடிக்குமா.

இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் இசைப்படைப்பை ஒன்றாகவும் ஒலிப்பதிவை வேறொன்றாகவும் பார்க்கிறது. ஒரு மெலடி லூப்புக்குள் இரண்டும் இருக்கின்றன: மெட்டு ஒன்று, அதை வாசித்துப் பதிந்த ஒலி இன்னொன்று. பிட்ச்சை இறக்கினாலும் இரண்டும் அதேதான். அதே மெட்டை நீங்களே கீபோர்டில் திரும்ப வாசித்தால் ஒலிப்பதிவு உங்களுடையதாகிறது. மெட்டு இன்னும் அவருடையது. புதியவர்கள் ‘ரீப்ளே பண்ணிட்டேன்’ என்று நிம்மதியாகும் இடத்தில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

அனுமதி இல்லாத ஒலி என்றால், நாட்டுக்கு நாடு நியாயம் மாறுகிறது. அமெரிக்காவில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல், இரண்டு நொடி கிடார் கார்டு என்றாலும் லைசன்ஸ் வாங்கு, இல்லையேல் எடுக்காதே என்றது. அதே நாட்டில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல், கால் நொடிகூட இல்லாத ஹார்ன் துண்டுக்கு வழக்கே வேண்டாம் என்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல், காதுக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருந்தால் சரி, தெரிந்தால் எவ்வளவு சின்னத் துண்டானாலும் அனுமதி வேண்டும் என்றது. உங்கள் க்யூ எந்த ஊரில் ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது. லைப்ரரி இசை என்றாலே அப்படித்தான். ஆகவே மிகக் கடுமையான ஊரின் கணக்கிலேயே வேலை செய்யுங்கள்.

அனுமதியுள்ள பேக்கிலிருந்து எடுத்ததை மாற்றுவதற்கு வேறு பயன் உண்டு: ஏற்றிய ஒலியை ஒப்பிட்டு உரிமையாளரைத் தேடும் யூடியூபின் இயந்திரம் (கன்டென்ட் ஐடி) தவறாகப் பிடிப்பதைக் குறைக்கும். பிட்ச் மாற்றம் மட்டும் அந்த இயந்திரத்தை ஏமாற்றாது. வெட்டி, ஸ்வர வரிசையை மாற்றி, இடையில் உங்கள் ஸ்வரத்தை நுழைத்தால்தான் பலன். அவ்வளவு மெனக்கெடுவதற்கு அடுத்த படி சுலபம்.

8. முடிந்த இடத்தில் ஆளைக் கூப்பிடுங்கள்

டூடூக் சம்பவத்துக்குப் பிறகு, க்யூவில் முன்னால் நிற்கும் வாத்தியம் எதுவோ அதை மட்டுமாவது ஆள் வைத்துப் பதிகிறேன். மீதிக்கு லூப். தவில் வேண்டும் என்றால் லூப் பேக்கில் தேடும் இரண்டு மணி நேரத்தில் ஒரு தவில்காரர் வந்து வாசித்து டீயும் குடித்துவிட்டுப் போய்விடுவார். தொப்பிப் பக்கம் குச்சி, வலந்தலையில் விரல்கூடு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மைக், கொஞ்சம் தள்ளி. போன மாதம் வந்த பெரியவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “அந்த டிக்குடிக்கை நிறுத்துங்க தம்பி, தாளத்தை நான் பாத்துக்கறேன்” என்றார். நிறுத்தினேன். எடிட் கொஞ்சம் கூடியது. ஆனால் அந்தப் பதினாறு பார் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை.

இங்கே ஒரு தவறு எல்லோரும் செய்வது: பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், எழுத்தில் ஒன்றும் இருக்காது. வாசித்தவருக்கும் சட்டத்தில் கலைஞர் உரிமை உண்டு. எந்த நாளில், எந்தப் பதிவு, லைப்ரரியில் உலகம் முழுக்கப் பயன்படுத்தச் சம்மதம், எவ்வளவு தொகை என்று தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வாசிக்கும் முன்பே வாங்குங்கள். முடிந்த பிறகு நீட்டினால், ‘இவன் ஏதோ மறைக்கிறான்’ என்று தோன்றும். தோன்றுவதில் தப்பும் இல்லை.

9. ஸ்டெம்: பலர் கோட்டைவிடும் இடம்

லைப்ரரிகள் ஒரே ஒரு மிக்ஸோடு விடுவதில்லை. முழு மிக்ஸ், 60 நொடி, 30 நொடி, 15 நொடி, மெலடி இல்லாத அண்டர்ஸ்கோர், டிரம்ஸ் இல்லாதது, டிரம்ஸும் பேஸும் மட்டும் என்று வரிசையாகக் கேட்பார்கள். பிறகு ஸ்டெம்: டிரம்ஸ் தனியாக, ஸ்ட்ரிங்ஸ் தனியாக, சிந்த் தனியாக.

இப்போது மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். லூப்பைத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்றது லைசன்ஸ். உங்கள் டிரம்ஸ் ஸ்டெம்மில் ஒரே ஒரு டிரம் லூப் மட்டும் ஓடுகிறது என்றால், அதுதானே தனியாகக் கொடுப்பது? முழு மிக்ஸில் சட்டப்படி இருந்தது ஸ்டெம்மாகப் பிரித்த நிமிடமே மீறலாகிறது. அந்த ஸ்டெம்மை ஒரு வீடியோ எடிட்டர் எடுத்து வசனத்துக்குக் கீழே தனியாக ஓட்டுவார், அதற்காகத்தான் ஸ்டெம் கேட்கிறார்கள். இயந்திரமும் அப்போதுதான் அதைச் சுலபமாகப் பிடிக்கும். மூடி மறைக்க வேறு ஒலியே இல்லையே.

செய்ய வேண்டியது இதுதான். வேலை தொடங்கும்போதே ஸ்டெம் பிரிவுகளைத் தீர்மானியுங்கள். எந்த ஸ்டெம்மிலும் வெளி ஒலி தனித்து நிற்கக் கூடாது. டிரம் லூப்புக்கு மேல் உங்கள் சொந்தக் கிக், ஷேக்கர், கைத்தட்டல் இருக்கட்டும், லூப் அடியில் கிடக்கட்டும். மெலடி லூப் ஒரு ஸ்டெம்மாக வரும் நிலை இருந்தால் அந்த லூப்பை எடுத்துவிடுங்கள். அதைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. மிக்ஸ் முடிந்து டெலிவரி அன்று இதை யோசித்தால் க்யூவையே திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

10. ஏற்றிப் பார்ப்பது

ஸ்டெம் உட்பட எல்லாவற்றையும் பவுன்ஸ் செய்த பிறகு, ஒரு கறுப்புப் படத்தோடு சேர்த்து உங்கள் யூடியூப் சேனலில் பிரைவேட்டாக ஏற்றுங்கள். வெளியிடுவதற்கு முன்பே ‘Checks’ (சோதனைகள்) என்ற படியில் பதிப்புரிமைச் சோதனை ஓடும். முழு மிக்ஸை மட்டும் சோதிப்பது தவறு, அண்டர்ஸ்கோரையும் ஸ்டெம்களையும் தனித்தனியாக ஏற்றுங்கள். போனில் பாட்டை அடையாளம் காட்டும் ஷஸாம் செயலியையும் வைத்துப் பாருங்கள்.

சோதனையில் ஒன்றும் வரவில்லை என்றால் இன்றைக்கு ஒன்றும் இல்லை என்றுதான் பொருள். நாளை யாராவது அதே லூப்போடு பாட்டு போட்டு, விநியோகஸ்தர் படிவத்தில் கன்டென்ட் ஐடிக்கு டிக் அடித்தால் கதை மாறும். சோதனை முடிவைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

11. ஒப்படைப்பும் பதிவும்

விரிதாளிலிருந்து அந்த ஆல்பத்துக்கான வரிகளை வெட்டி, கேட்காவிட்டாலும் டெலிவரியோடு அனுப்புங்கள். காரணம் உண்டு. லைப்ரரி உங்கள் க்யூவைத் தானே கன்டென்ட் ஐடியில் சேர்க்கக்கூடும். அப்போது ஆபத்து திசை மாறுகிறது: உங்கள் க்யூவுக்குள் இருக்கும் லூப்பை நியாயமாகப் பயன்படுத்திய யாரோ ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் வீடியோவுக்கு உங்கள் லைப்ரரி பெயரில் கிளெய்ம் போகும். எக்ஸ்க்ளூசிவ் உரிமை இல்லாத ஒலியைச் சேர்க்கக் கூடாது என்பது யூடியூபின் விதி. தவறான கிளெய்ம்கள் குவிந்தால் சேர்க்கும் வசதியே பறிபோகும். பட்டியல் கையில் இருந்தால் எந்த க்யூவைச் சேர்க்கக் கூடாது என்று அவர்களே விலக்கிவிடுவார்கள்.

டிவி ஒலிபரப்பைக் கண்டுபிடிக்கவும் இதே போன்ற ஒலிரேகை இயந்திரங்கள்தான் ஓடுகின்றன. ஒரே லூப் வெளிப்படையாக ஓடும் இரண்டு க்யூ இருந்தால் உங்கள் ராயல்டி அடுத்தவர் கணக்குக்குப் போக வாய்ப்பு உண்டு. இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் போன்ற சங்கத்தில் பதியும்போது இசையமைத்தவர் யார், எவ்வளவு பங்கு என்று எழுதுவீர்கள். லூப் செய்தவரோடு பங்கு பிரிக்க வேண்டும் என்று லைசன்ஸ் சொல்கிறதா என்பதையும் அதற்கு முன் பார்த்துவிடுங்கள். சில இலவச ‘கம்போசிஷன்’ பேக்குகளில் இந்த வரி கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

12. இவ்வளவுக்குப் பிறகும் கிளெய்ம் வந்தால்

முதல் மெயிலை லைப்ரரிக்கு அனுப்புங்கள். கிளெய்ம் போட்டவருக்கு நேரடியாக எழுதிச் சண்டை பிடிப்பது பெரும் தவறு. உரிமை இப்போது லைப்ரரி கையில், பேச வேண்டியவர்கள் அவர்கள். அதே மெயிலில் மூன்று இணைப்பு: லைசன்ஸ் பிடிஎஃப், ரசீது, விரிதாளின் அந்த வரி. “கவலைப்படாதீங்க சார், அது ராயல்டி-ஃப்ரீதான்” என்ற வாய்வார்த்தையை யாரும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

வீடியோ வைத்திருப்பவர் யூடியூபில் மறுப்பு தெரிவித்தால், கிளெய்ம் போட்டவருக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. அவர் அந்த மறுப்பை ஏற்காமல், வீடியோ வைத்திருப்பவர் மேல்முறையீடு செய்தால் அதற்கு 7 நாள். மேல்முறையீட்டிலும் தோற்றால் வீடியோவையே நீக்கச் சொல்லிக் கோரிக்கை வரலாம், சேனலுக்கு ஸ்ட்ரைக்கும் விழலாம். அது வாடிக்கையாளரின் சேனல் என்பதால் இந்த முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். தீபாவளி வாரத்து விளம்பரத்துக்கு 30 நாள் காத்திருப்பது யாருக்கும் உதவாது. அதனால் மறுப்போடு மறுப்பாக, லூப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீங்கள் வாசித்த மாற்று மிக்ஸ் ஒன்றையும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். நீளம், டெம்போ, கட் விழும் இடம் எல்லாம் பழைய மிக்ஸ் போலவே இருக்கட்டும், எடிட்டர் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க ஐந்து நிமிடம் போதும். இதற்காகவே ப்ராஜெக்ட் கோப்பை மூடுவதற்கு முன், சிவப்பு டிராக்குகள் இல்லாத ஒரு பதிப்பை நான் எப்போதும் தனியாகச் சேமித்து வைக்கிறேன்.